ஒயர் இல்லாத மணியும் ஓடிப்போன மாமியாரும்

அடி அண்ணாமலை,
கார்த்திகை முதல் வாரம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகப்பிள்ளை செழியன் அவர்கள் சமூகத்துக்கு, திருவண்ணாமலை மாவட்டம் அடி அண்ணாமலை கிராமத்தில் கிரிவலப் பாதை ஓரமாக வசித்து வருபவரும், பத்திரம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவருமான உங்கள் மாமனார் பரசுராமன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடும் சுயநினைவோடும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடும் எழுதிக்கொண்டது என்னவென்றால்:

இங்கே நான் ஒருவன் மட்டும் நலம். அங்கே நீங்கள் மூன்று பேரும் நலமாக இருப்பீர்கள். அந்த மூன்றாவது நபர் எனக்குப் பாத்தியப்பட்டவர். அவரை, அதாவது உங்கள் மாமியார் சந்திரகலாவை, பெரிய தீபத்துக்குள் எனக்குத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் நம்பருக்கு அடித்தாலும் என் மகள் வினோதினி நம்பருக்கு அடித்தாலும் எடுப்பது அவள்தான். எடுத்து, "ராங் நம்பர்"னு சொல்லிட்டு வெச்சிடறா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின குரல் மாப்பிள்ளை, எனக்குத் தெரியாதா? அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். ஆபீஸ் தபாலையும் அவளே பிரித்தால் அப்புறம் எனக்கு வேறு வழியில்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள்தான். கோபிக்க வேண்டாம், பத்திரத்தில் மூலம் எழுதாமல் மேலே போக எனக்குக் கை வராது. ஆயுத பூஜை லீவுக்கு வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியை நீட்டி, "அத்தை பின்கட்டுல இருந்தா வாசல்ல யார் கூப்பிட்டாலும் கேக்கறதில்ல மாமா, இந்த மணிக்கு ஒயரே வேணாம்" என்று சொன்னீர்கள். பட்டனை நீங்களே வாசல் தூணில் ஒட்டினீர்கள். ஒட்டிய இடத்துக்கு நான்கெல்லை சொல்வதானால், கிழக்கே கிரிவலப் பாதை, மேற்கே என் வீடு, வடக்கே பாஞ்சாலையின் டீக்கடை, தெற்கே சாக்கடை. பாடுகிற பெட்டியை உள்ளே நிலைப்படிக்கு மேல் மாட்டினீர்கள். பெட்டிக்குப் பென்சில் செல் மூன்று, பட்டனுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு செல் ஒன்று. "ஒரு வருஷத்துக்குத் தொட வேணாம் மாமா" என்ற உங்கள் வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. என்ன சத்தம் வைக்கலாம் என்று கேட்டீர்கள். நான் குயில் கூவட்டும் என்றேன். "வயசான காலத்துல இவருக்குக் குயிலு வேற கேக்குதா?" என்று சொல்லி, கோவில் மணி அடித்து முடித்ததும் சங்கு ஊதுகிற சத்தத்தை உங்கள் மாமியார் வைக்கச் சொன்னாள். நீங்களும் அத்தை சொல்லைத் தட்டாத பிள்ளையாக வைத்துவிட்டுப் போனீர்கள். எங்கள் வீட்டுக்கு அன்று பிடித்தது சனி.

அன்றைக்குத்தான் அவள் வீட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மிக்ஸிக்கு வைத்தாள், என் பிரிண்டருக்கு வைத்தாள், உங்கள் லேப்டாப்புக்கும் வைத்தாள், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கடைசியில் கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வீணாக்குவானேன் என்று வாசல் தூணுக்குப் போய் அந்த வெள்ளைப் பட்டனுக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவும் செருகினாள். வேறு ஊராக இருந்தால் அது காய்ந்து உதிர்ந்திருக்கும். இந்த ஊரில், இந்தப் பாதையில், சந்தனம் குங்குமம் வைத்த ஒரு பொருளை லட்சம் பேர் சும்மா தாண்டிப் போவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து வந்த பௌர்ணமி அன்று காலையில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றார், பூவைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொள்வதற்காகத் தொட்டார். உள்ளே மணி அடித்துச் சங்கு ஊதியது. அவ்வளவுதான். அந்த மனுஷன் "அரோகரா!" என்று போட்ட சத்தத்தில் நான் காபியைக் கீழே விட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அமுக்கினார், மறுபடியும் சங்கு. பின்னால் வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "இன்னா வேணுங்க?" என்று கேட்டேன். என் காலில் விழுந்தார் மாப்பிள்ளை! பின்னால் நின்ற அம்மாள் என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். நான் சட்டை போட்டிருக்கவில்லை, அதுவும் ஒரு தப்பாகப் போய்விட்டது. பக்கத்துக் கடை பாஞ்சாலையாவது இது காலிங் பெல் என்று நாலு பேரிடம் எடுத்துச் சொல்வாள் என்று பார்த்தால், அவள் டீ அடுப்பை அணைத்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு வந்து நிற்கிறாள். "ஒயரு இல்ல, கவுறு இல்ல, இங்க அமுக்குனா உள்ள அடிக்குது பாருங்க சாமி! மனசுல இன்னா நெனச்சி அமுக்கறீங்களோ அது நேரா மேல போவுது!" உங்கள் கம்பெனியில்கூட இந்த யந்திரத்தை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு வருஷம் வரும் என்று நீங்கள் சொன்ன செல் அன்று பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. தேரடி வீதியில் அப்பாசாமி எலக்ட்ரிக் கடைக்குப் போய்ப் பட்டனைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே கெட்டியாகிக் கிடந்த சந்தனத்தை ஊசியால் கிண்டி எடுத்து, "இது எந்தக் கோயில்லதுங்க?" என்று கேட்டார். என் வீட்டினுடையது என்றேன். நம்பவில்லை. அப்புறம் ஒரு பாடமே எடுத்தார். தகடு கறுத்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்க்கணும், ஈரத்துணி கூடாது, எண்ணெய் கூடவே கூடாது, பெட்டியில் மூன்று செல்லையும் ஒரே சமயத்தில் மாத்தணும், பழசும் புதுசும் கலக்கவே கூடாது என்றார். நான் இந்த ஆள் செல்லை ஜாஸ்தியாக விற்கப் பார்க்கிறார் என்று நினைத்து, பட்டனுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்றே ஒன்று என்று வாங்கி வந்தேன். பழசு இரண்டும் புதுசு ஒன்றும் கூட்டுக் குடித்தனம் நடத்தியதில் உள்ளே பச்சையாக உப்புப் பூத்து, மணிச் சத்தம் போய், சங்கு மட்டும் கன்று போடுகிற எருமை மாதிரி முனக ஆரம்பித்தது. அதையும் ரப்பரால் தேய்த்துச் சரி பண்ணினேன். அதற்குள் யாரோ ஒரு பக்தர் பட்டனுக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டார். பட்டன் உள்ளே அமுங்கியது வெளியே வரவேயில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் அப்பாதுரையும் அவர் தம்பியும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிணறு யாருக்கு என்பதில் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், அன்றைக்குத்தான் சமாதானமாக ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாதுரை, "எங்கப்பா சாவறப்ப கெணறு எனக்குன்னுதான் சொன்னாரு" என்றார். டங்கென்று மணி அடித்துச் சங்கும் ஊதியது. "பாத்தியாடா, சாமியே சொல்லிடுச்சி!" என்று அண்ணன் துள்ளினார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடாமல், "இல்ல, எனக்குன்னுதான் சொன்னாரு" என்றார். பட்டன்தான் மாட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கும் அடித்தது. இரண்டு பேரும் எழுந்து நின்று மாறி மாறிக் கத்த, சாமி இரண்டு பேருக்கும் விடாமல் ஆமாம் போட, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டினார்கள். "வூட்ல மெஷினு வெச்சி ஏமாத்தறியா?" என்று பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு வேறு எழுத்தரிடம் போய்விட்டார்கள். உங்கள் மாமியார் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே தவிர, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

சரி, மாட்டிக்கொண்ட பட்டனை நெம்பிச் சரி பண்ணிவிட்டு, பலகை எழுதி மாட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். எழுத்துதானே என் தொழில்! நல்ல கெட்டி அட்டையில், "இது கோவில் அல்ல. இது வீடு" என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூணில் கட்டினேன். அன்றைக்குக் கூட்டம் குறைந்தது. மறுநாள் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் வந்தார். பலகையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "ஆகா!" என்றார். "அறம், பொருள், இன்பம், வீடு! கோவில் என்று மயங்காதே, இதுவே வீடு! இதை அழுத்தினால் வீடுபேறு! எழுதியவர் யாரோ பெரிய ஞானி!" வந்த கூட்டத்தை நிறுத்தி ஒரு பிரசங்கமே செய்தார் மாப்பிள்ளை. "ஐயா, இது வீடுங்க, நாங்க குடியிருக்கிற வூடு" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆமாம் ஆமாம், அதில் குடியிருக்கத்தானே எல்லோரும் வந்திருக்கிறோம்" என்று அவர் என்னையே கட்டிப் பிடித்துக்கொண்டார். தமிழில் எவ்வளவு வார்த்தை இருக்கிறது, நான் இதையா எழுதியிருக்க வேண்டும்? பலகைக்கும் மாலை விழுந்தது. "நல்லா எழுதினீங்க போங்க" என்று பாஞ்சாலை எனக்கு ஒரு டீ கொடுத்தாள்.

உங்கள் மாமியாரிடம் மணியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றேன். "மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்தது, கை வெச்சீங்கன்னா பாருங்க. வருஷம் பூரா வாசல்ல வந்து நின்னு தொண்ட கிழிய கத்தினாலும் தொறக்காத ஆளு நீங்க. எனக்கு இது வேணும்" என்றாள். அது கொஞ்சம் நிஜம்தான், நான் எழுத உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் காதில் விழாது. அதனால் நான் தனியாக ஒரு யோசனை செய்தேன். ஐப்பசிப் பௌர்ணமிக்கு அவள் விடியலிலேயே மலை சுற்றக் கிளம்பினாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் சுருக்குப் பையோடு போனாள். அவள் தலை மறைந்ததும் பட்டனைத் திறந்து செல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளிக் கதவை உள்பக்கம் பூட்டினேன். ரோட்டுச் சத்தம் கேட்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து ஒரு கிரயப் பத்திரம் எழுதினேன். அவள் திரும்பி வந்தால் எப்படிக் கூப்பிடுவாள் என்பது மட்டும் என் புத்தியில் படவேயில்லை. இதை நான் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அப்புறம் நடந்தது வினோதினி அவள் அம்மாவிடம் கேட்டு, மாடிக்குப் போய் நின்று அவளாகவே எனக்குப் போன் போட்டு ரகசியமாகச் சொன்னது. பாஞ்சாலையும் சாட்சி. உங்கள் மாமியார் கால் வீங்கி வந்து சேர்ந்து தன் வீட்டு வாசலில் நின்று பட்டனை அமுக்கியிருக்கிறாள். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கியிருக்கிறாள். ஒரு அம்மாள் இவ்வளவு பக்தியாக விடாமல் அமுக்குகிறாளே என்று பின்னால் வரிசை நின்றுவிட்டது. "ஏங்க! ஏங்க!" என்று இவள் கத்தியிருக்கிறாள். சாமியை இப்படி ஒரு உரிமையோடு கூப்பிடுகிறாளே என்று பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து "ஏங்க! ஏங்க!" என்று கத்தியிருக்கிறார்கள். "இது என் வூடுங்க" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். "எல்லாருக்கும் வீடு வேணும்மா, தள்ளு" என்று ஒருத்தர். "ஜருகண்டி அம்மா, ஜருகண்டி" என்று இன்னொருத்தர். தலையில் துண்டு இருந்ததால் ஆள் தெரியாமல் நம் பாஞ்சாலையே கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரே எவ்ளோ நேரம் நிப்பீங்க, நவுருங்கம்மா" என்று தோளைப் பிடித்து நகர்த்தியிருக்கிறாள். "அம்மாவே வரிசைல நிப்பாங்கன்னு நான் கண்டனா சார்?" என்று இப்போது மூக்கைச் சிந்துகிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை நகர்ந்தால் நகர்ந்ததுதான், உங்களுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே பக்கம் போகிற பாதையில் எதிர்த்து எப்படித் திரும்பி வருவது? அடுத்து வருகிற வாயு லிங்கம் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்ச் சுற்று வந்தால் சாமி குத்தம் என்று இவளுக்கு வேறு பயம். சரி, சுற்றியே வீட்டுக்குப் போவோம் என்று குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், டவுன், கோவில் எல்லாம் தாண்டி மறுபடியும் ஆசிரமம் வரை நடந்திருக்கிறாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியிருக்கிறது. செங்கம் ரோட்டில் பௌர்ணமிக்கென்று போட்ட தற்காலிக பஸ் நிலையத்தில் பெங்களூர் வண்டி நின்றிருக்கிறது. மலை சுற்ற வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் பின்கட்டில் கிரயம் எழுதி முடித்து, பஞ்சை எடுத்துவிட்டு, இவள் எங்கே இன்னும் காணோம், வழியில் யாரோடாவது வம்பளந்துகொண்டு இருப்பாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை, கோபம் இருக்க வேண்டியதுதான். ஆனால் வீடு வெறிச்சுனு கெடக்குது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியவில்லை, சர்க்கரை என்று நினைத்து ரவையைப் போட்டு டீ குடித்தேன். பாஞ்சாலை கடை இட்லியைப் பார்த்தாலே இப்போது எனக்கு வயிறு குமட்டுகிறது. நான் ஏதாவது சொன்னால் ஏட்டிக்குப் போட்டி பேசுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் வாய் நமைச்சல் எடுக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஆகாது, எழுதியே கொடுக்கிறேன், சாட்சிக் கையெழுத்து வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன். பட்டனுக்குச் செல்லைத் திரும்பப் போட்டு, பெட்டிக்கு மூன்று செல்லும் சேர்த்துப் புதிதாக மாற்றிவிட்டேன். தகடெல்லாம் ரப்பர் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கிறது. பகல் முழுக்க வாசல் நடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கிற போதெல்லாம் அவள்தான் என்று வேட்டியை அவிழ விட்டுக்கொண்டு ஓடிப்போய்த் திறக்கிறேன். தாடி வைத்த யாரோ நின்றுகொண்டு எனக்குத் திருநீறு பூசிவிட்டுப் போகிறார்கள். அவள் வந்து ஒரு தரம் அமுக்கினால் போதும், சங்கு ஊதி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவேன் என்று மேற்படி சந்திரகலாவிடம் நீங்கள் என் சார்பாக உறுதி கொடுக்க வேண்டும். மணியே வேண்டாம் என்றால் பிடுங்கி எறியவும், இருக்கட்டும் என்றால் இருக்கவும் எனக்குப் பூரண சம்மதம்.

அண்ணாமலையார் உங்களையும் வினோதினியையும் சீக்கிரம் மூன்று பேராக்கட்டும், அது வேறு மூன்றாவது ஆளாக இருக்கட்டும். பெரிய தீபத்துக்கு நீங்களும் கிளம்பி வாருங்கள். வரும்போது பரிசு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
பரசுராமன்.

பின்குறிப்பு: மேலே கண்ட விண்ணப்பம் முழுவதையும் இதனால் ரத்து செய்கிறேன். கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, மணி அடித்தது. காகிதமும் பேனாவும் கையோடு ஓடித் திறந்தால் சாட்சாத் உங்கள் மாமியார் நிற்கிறாள்! சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். "அங்க சோறு கொண்டாரவன், துணி கொண்டாரவன், யார் மணி அடிச்சாலும் நான்தான் போய்த் தொறக்கணும். அதுக்கு என் வூடே தேவலாம்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளை. பையை வாங்கிக்கொள்ள வெளியே இறங்கினேன். அவள் பையோடு உள்ளே போய் வெளிக் கதவைப் பூட்டிவிட்டாள். "மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்து மணி அடிங்க, தொறக்கறேன்" என்றாள். மூன்று தரம் அமுக்கிப் பார்த்தேன். உங்கள் மணி அருமையாக அடிக்கிறது, சங்கும் கணீரென்று ஊதுகிறது, அவள் காதில் விழுகிறது, அவள் வரவில்லை. இந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த நான் இதுவரை ஒரு முழுச் சுற்று போனதில்லை, இது அவளுக்குத் தெரியும். பாஞ்சாலை கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செருப்பு உள்ளே இருக்கிறது, போனும் உள்ளே இருக்கிறது. வழியில் தபாலில் சேர்த்துவிட்டு நடக்கப் போகிறேன். இது கைக்குக் கிடைத்ததும் தயவுசெய்து என் நம்பருக்குப் போன் போடுங்கள். நான் எடுத்தால் உள்ளே போய்விட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவள் எடுத்தால், நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள்.